கேமரா யார் கையில் இருக்க வேண்டும்?

நோயுற்ற ஒருவரின் நாளைச் சற்று எண்ணிப் பாருங்கள். காலையில் செவிலியர் வந்து உடல் வெப்பத்தைப் பார்க்கிறார். மருத்துவர் கண்ணைப் பார்க்கிறார், நடையைப் பார்க்கிறார், கைநடுக்கத்தைப் பார்க்கிறார். எக்ஸ்ரே, ஸ்கேன் என்று கருவிகள் உள்ளுறுப்புகளையும் பார்த்துவிடுகின்றன. மாலையில் நலம் விசாரிக்க வரும் உறவினர்கள் முகத்தைப் பார்த்து, “ரொம்ப இளைத்துவிட்டீர்களே” என்கிறார்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்புவதற்காகக் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்கிறார்கள். இவை யாவும் அக்கறையினால் நிகழ்பவை, பல இன்றியமையாதவை. ஆனால், நாள் முழுவதும் பிறரால் பார்க்கப்படும் ஒருவர், தாமாக எதையேனும் பார்க்கும் வழக்கத்தை மெல்ல இழந்துவிடுகிறார்.

நீண்டகால நோயுடன் வாழ்பவரைப் படம் எடுப்பதைக் குறைத்துக்கொண்டு, அவருடைய கையில் கேமராவைக் கொடுக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் முன்வைக்கும் கருத்து. எதைப் படம் எடுப்பது என்று கேட்பீர்களானால், பூக்கள், பறவைகள், கோயில் சிற்பங்கள் என்று பல விடைகள் உண்டு. எங்கள் வீட்டில் கிடைத்த விடை பழைய கார்கள்.

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது உறுதியாகி ஐந்து ஆண்டுகள் ஆகின்றன. நோயைப் பற்றிச் சொன்னபோது அவர் அதிகம் கலங்கவில்லை. மூன்றாம் ஆண்டில், “இனி வண்டி ஓட்ட வேண்டாம்” என்று மருத்துவர் சொன்னபோதுதான் கலங்கினார். நாற்பது ஆண்டுகள் வண்டி ஓட்டியவர். வீடு திரும்பியதும் சாவியைக் கதவருகே இருந்த ஆணியில் மாட்டினார். அதன் பிறகு அந்தப் பக்கம் அவர் பார்ப்பதையே நான் காணவில்லை.

சில மாதங்கள் கழித்து, எங்கள் பகுதிப் பள்ளி மைதானம் ஒன்றில் பழைய கார்களின் கண்காட்சி நடப்பதை அறிந்து அவரை அழைத்துச் சென்றேன். உள்ளே நுழைந்ததும் வெளிர்நீல நிறத்தில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றிருந்தது. “அதன் பக்கத்தில் நில்லுங்கள், ஒரு படம் எடுக்கிறேன்” என்றேன். அவர் நிற்கவில்லை. “நான் எதற்கு அதில்? போனைக் கொடு” என்று வாங்கிக்கொண்டார். அன்று ஏறத்தாழ ஒரு மணி நேரம் நான் அவருடைய பையையும் தண்ணீர்ப் புட்டியையும் சுமந்துகொண்டு பின்னால் நடந்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை அவர் முடிவு செய்தார்.

பழைய கார் ஏன் நோயாளிக்கு ஏற்ற பொருள் என்பதைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். முதற்காரணம், அது காத்திருக்கும். பறவை பறந்துவிடும், குழந்தை ஓடிவிடும். கண்காட்சியில் நிறுத்தப்பட்ட கார், நாம் மூச்சு வாங்கி, அமர்ந்து, மாத்திரை விழுங்கி, மீண்டும் எழுந்து வரும் வரை அங்கேயே நிற்கும். இரண்டாவது காரணம், அக்காலக் கார்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை. முகப்பு விளக்கின் வட்டம், கிரில்லின் கம்பிகள், மட்கார்டின் வளைவு ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனியே பார்க்கத் தக்கவை. மோரிஸ் மைனரின் தொடக்ககால வண்டிகளில் திரும்பும் திசையைக் காட்ட விளக்கு மினுக்காது. கதவுகளை அடுத்த தூணிலிருந்து சிறிய கைகாட்டி ஒன்று வெளியே நீளும். ஹெரால்டின் முன்பகுதி முழுவதும், மட்கார்டுகளோடு சேர்ந்து, முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். இத்தகைய ஒரு பகுதியை மட்டும் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

மூன்றாவது காரணம், நம்மவர்களின் வாழ்வோடு இவ்வண்டிகளுக்கு உள்ள தொடர்பு. 1903ஆம் ஆண்டிலேயே சென்னையில் சிம்சன் நிறுவனத்தைச் சேர்ந்த சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். நாடு விடுதலை பெற்ற சில ஆண்டுகளில் எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் நிறுவனம் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியிட்டது. பிற்காலத்தில் லாரிகளுக்குப் பெயர்பெற்ற அசோக் லேலண்டின் தொடக்கம் அதுவே. வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலையிலிருந்து 1960களில் ஹெரால்டுகள் வந்தன. இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவன்னி மிக்கெலோட்டி வரைந்த டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் அது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் வழிவந்த அம்பாசடர் 2014 வரை உற்பத்தியில் இருந்தது. மருத்துவமனைக்கும் திருமணத்துக்கும் வாக்குச்சாவடிக்கும் நம்மை ஏற்றிச் சென்ற வண்டிகள் இவை. ஒரு ஃபியட்டின் ஸ்டீயரிங்குக்கு அடியில் நீளும் கியர் கம்பியைக் கண்டதும், நெடுநாள் பேசாதிருந்தவர்கூடப் பேசத் தொடங்கிவிடுவார்.

ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, பெரும் மாறுதல் செய்யப்படாத வண்டிகளுக்கென 2021இல் ஒன்றிய அரசு தனிப் பதிவு விதிகளை வகுத்தது. அவ்வாறு பதிவான வண்டிகளின் எண் பலகையில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே அவை சாலையில் ஓடலாம். அன்றாடப் பயணத்துக்கு இயலாது. ஆகவே இத்தகைய வண்டிகளைக் காண வேண்டுமானால் கண்காட்சியே வழி. சென்னையில் மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற ஆர்வலர் அமைப்புகள் இவற்றை ஒருங்கே கொண்டுவருகின்றன. வெயிலைத் தாங்க இயலாதவர்களுக்குக் கோவை அவிநாசி சாலையில் 2015இல் திறக்கப்பட்ட ஜீடி கார் அருங்காட்சியகம் உள்ளது.

இனி, படம் எடுக்கும் முறையைப் பற்றி. இங்கேதான் எனக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. நின்றுகொண்டு, நம் கண்ணின் உயரத்திலிருந்து காரைப் படம் எடுத்தால் கூரைதான் பெரிதாகத் தெரியும். வண்டி குட்டையாகவும் தளர்ந்தும் தோன்றும். முகப்பு விளக்கின் உயரத்துக்குக் கேமராவை இறக்கினால் அதே வண்டி கம்பீரமாக எழுந்து நிற்கும். இதற்காகத்தான் திறமையான படப்பிடிப்பாளர்கள் தரையில் மண்டியிடுகிறார்கள். சக்கர நாற்காலியிலோ மடக்கு முக்காலியிலோ அமர்ந்து, கைப்பேசியை மார்பளவில் பிடிப்பவருக்கு இந்த உயரம் தானாகவே வாய்க்கிறது. நோயினால் பல இடங்களில் நாற்காலி தடையாகிறது. இங்கே அதுவே சரியான இடம். பார்க்கின்சன் உள்ளவர்கள் பலருக்குக் குனிந்து நிமிரும்போது இரத்த அழுத்தம் சட்டென இறங்கித் தலைசுற்றும். எனவே குந்தி அமர்ந்து எழுவதைக் காட்டிலும் நாற்காலியே பாதுகாப்பானது.

வெளிச்சமும் நமக்குச் சாதகமானதே. உச்சி வெயிலில் பானட்டின் மேல் வெள்ளைத் திட்டாக ஒளி அடிக்கும்; வண்டியின் அடிப்பகுதி கருத்துவிடும். காலை எட்டு மணி வெயிலும் மாலை ஐந்து மணி வெயிலும், மேகமூட்டமும் வண்ணத்தை மென்மையாகக் காட்டும். நோயாளியை வெளியே அழைத்துச் செல்ல ஏற்ற நேரமும் அதுதான். காரை மிக நெருங்கி நின்று எடுத்தால் முன்பகுதி வீங்கியும் பின்பகுதி சுருங்கியும் தெரியும். ஐந்தாறு மீட்டர் பின்னால் சென்று, கைப்பேசியில் இரு மடங்கு பெரிதாக்கும் லென்ஸைப் பயன்படுத்துவது நல்லது. கேமரா வைத்திருப்பவர்கள் போலரைசர் என்னும் வடிகட்டிக் கண்ணாடியைப் பொருத்தினால் சன்னலிலும் வண்ணப் பூச்சிலும் விழும் பிரதிபலிப்பு குறையும். குரோமியப் பூச்சில் அது பயன் தராது. பளபளக்கும் பம்பரிலும் சக்கர மூடியிலும் எதிரே இருப்பவரின் உருவம் விழுந்தே தீரும்.

கைநடுக்கத்தோடு எப்படிப் படம் எடுப்பது என்று பலர் கேட்கிறார்கள். பார்க்கின்சனில் பலருக்கு நடுக்கம், கை ஓய்ந்திருக்கும்போது மிகுதியாகவும் ஒரு செயலில் ஈடுபடும்போது சற்றுக் குறைவாகவும் இருக்கும். எல்லோருக்கும் அப்படி அமைவதில்லை. நல்ல வெயில் வெளிச்சத்தில் கைப்பேசி மிகக் குறைந்த நேரத்தில் படத்தைப் பதிவு செய்துவிடுவதால் சிறு நடுக்கம் படத்தில் தெரியாது. கேமராவாக இருந்தால் ஷட்டர் வேகத்தை ஒரு நொடியில் ஐந்நூறில் ஒரு பங்காக வைத்துக்கொள்ளலாம். முழங்கைகளை நாற்காலியின் கைகளில் ஊன்றிக்கொள்ள வேண்டும். திரையைத் தொடும்போது ஏற்படும் அசைவைத் தவிர்க்க, இரண்டு நொடி கழித்துப் படம் எடுக்கும் வசதியைப் பயன்படுத்தலாம். எல்லாவற்றையும்விட எளிய வழி, ஒரே காட்சியைப் பத்து முறை எடுப்பது. அவற்றில் ஒன்று தெளிவாக விழும்.

மீதி ஒன்பது என்ன ஆகும்? இங்கே நான் செய்த ஒரு பிழையைச் சொல்லியாக வேண்டும். முதல் கண்காட்சிக்குப் பிறகு, அவர் உறங்கிய வேளையில் கைப்பேசியை எடுத்து, கலங்கிய படங்களையெல்லாம் அழித்துவிட்டேன். நல்லனவற்றை மட்டும் பார்த்தால் மகிழ்வார் என்பது என் எண்ணம். மறுநாள் காலை அவர் வெகுநேரம் தேடிவிட்டு, “அந்த ஸ்டீயரிங் படம் எங்கே?” என்று கேட்டார். ஓர் அம்பாசடரின் சன்னல் வழியாக எடுத்த படமாம், முழுவதும் கலங்கியிருந்ததாம். “அது சரியாக விழவில்லை, அதனால் எடுத்துவிட்டேன்” என்றேன். “எனக்குத் தெரியும். நான்தானே எடுத்தேன்” என்றார். அதன்பின் அன்று முழுவதும் பேசவில்லை.

நல்லவேளையாக, அழித்த படங்கள் சில நாட்கள் கைப்பேசியிலேயே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்பதை மகன் சொன்னான், படம் மீண்டது. ஆனால் நான் கற்றது படத்தை மீட்கும் வழியை மட்டும் அல்ல. உணவு, உடை, மருந்து, வருவோர் போவோர் என்று அவருடைய நாளின் பெரும்பகுதியை நான் தேர்ந்தெடுக்கிறேன். அவர் தாமே தேர்ந்தெடுத்த ஒன்றிலும் கைவைத்துவிட்டேன். உடனிருந்து பேணும் நாம் அன்பின் பெயரால் செய்யும் இத்தகைய சிறு பறிப்புகளை நாமே அறிவதில்லை. ஆகவே என் வேண்டுகோள்: கேமராவைக் கொடுத்தபின் கையை இழுத்துப் பிடித்துக் கோணம் திருத்தாதீர்கள். “இதை ஏன் எடுக்கிறீர்கள்?” என்று கேட்காதீர்கள். அவர் காட்டும் வரை படங்களைப் பார்க்காதீர்கள். அவருடைய ஒப்புதல் இன்றி எவருக்கும் அனுப்பாதீர்கள்.

கண்காட்சியில் கிடைக்கும் இன்னொரு நன்மை பேச்சு. காரின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். அந்த அனுமதி கேட்பதே உரையாடலின் தொடக்கம். அவர்கள் நோயைப் பற்றிக் கேட்பதில்லை. எந்த ஆண்டு வண்டி, உதிரி பாகம் எங்கே கிடைத்தது, டிங்கரிங் வேலை செய்தவர் யார், மேட்டில் ஏறும்போது எஞ்சின் சூடாகிறதா என்பதே பேச்சு. பார்க்கின்சனால் என் கணவரின் குரல் தணிந்துவிட்டது. கடைக்காரர்கள் அவர் சொல்வதைக் கேட்காமல் என் முகத்தைப் பார்ப்பார்கள். கார் உரிமையாளர்களோ குனிந்து காது கொடுக்கிறார்கள். தங்கள் வண்டியைப் பற்றிக் கேட்கும் எவரையும் அவர்கள் விடுவதில்லை. கேட்டறிந்ததை அவர் கோடிட்ட குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார். எழுத்து வரவரச் சிறுத்துப் போவது இந்நோயின் இயல்பு. கோடிட்ட தாளில் பெரிதாக எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். வெறும் பயிற்சிக்காக அவர் ஒருநாளும் எழுதியதில்லை. காரின் பெயரும் ஆண்டும் எழுத உட்கார்ந்துவிடுகிறார்.

“பழைய கார்களும் நோயுற்ற உடலும் ஒன்றுதான், பேணினால் ஓடும்” என்று அங்கே ஒருவர் ஆறுதல் சொன்னார். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆயினும் அந்த ஒப்புமையை நான் ஏற்கவில்லை. காருக்குப் புதுப் பூச்சு அடிக்கலாம், எஞ்சினைக் கழற்றிப் பூட்டலாம். வந்த நாளில் இருந்ததுபோலவே ஆக்கிவிடலாம். பார்க்கின்சன் அப்படிப்பட்டதன்று. மருந்து துணை செய்யும். நோய் தன் வழியில் செல்லும். பொழுதுபோக்கு நோயைக் குணமாக்கும் என்று நான் கூறவில்லை. எவரேனும் கூறினால் நம்பவும் வேண்டாம். துயரமும் இதில் உண்டு. ஓட்டுநர் இருக்கையைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு அவர் மௌனமாகத் திரும்பிய மாலைகள் இருந்திருக்கின்றன. அந்த மௌனத்தை அஞ்சி அவரை வீட்டிலேயே இருத்துவது சரியன்று என்பதே என் முடிவு. இழந்ததைப் பார்க்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவன சிலவற்றுக்கு நியாயம் உண்டு. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கீமோதெரபியின் இடையில் நோயெதிர்ப்பு குன்றியிருப்பவர்கள், மூச்சுத் திணறல் உள்ளவர்கள் ஆகியோர் கூட்டத்துக்கும் வாகனப் புகைக்கும் இடையே செல்லலாமா என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். செல்பவர்களும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். கதவு திறந்ததும் செல்லுங்கள். கூட்டமும் வெயிலும் குறைவாக இருக்கும். மாத்திரை நன்கு வேலை செய்யும் நேரத்தை ஒட்டிப் புறப்படுங்கள். அடுத்த வேளை மாத்திரை கையில் இருக்கட்டும். கழிப்பறை எங்கே என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். புல்தரையில் சக்கர நாற்காலி உருள்வது கடினம். நடைபாதை ஓரத்து வண்டிகளே போதும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வண்டியின் மேல் சாயவோ ஊன்றுகோலைச் சார்த்தவோ கூடாது. கோடு விழுந்தால் அந்தப் பூச்சை மீண்டும் அமைப்பது எளிதன்று.

“இதற்கெல்லாம் கேமரா வாங்க வசதி வேண்டாமா?” என்போருக்கு: வீட்டில் இருக்கும் கைப்பேசி போதும். கண்காட்சி இல்லாத மாதங்களில் தெருக்கோடியில் நிற்கும் அம்பாசடரும், மெக்கானிக் கடை வாசலில் பல்லாண்டாகக் காத்திருக்கும் ஃபியட்டும் போதும்.

கண்காட்சி நடத்துவோரிடமும் ஒரு வேண்டுகோள். முதல் அரை மணி நேரத்தைச் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் முதியோருக்கும் ஒதுக்குங்கள். நிழலில் பத்து நாற்காலிகள் போடுங்கள். வண்டிகளுக்கிடையே நாற்காலி நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். நம் மருத்துவமனை நிர்வாகத்திடம் கேட்பதும் ஒன்று உண்டு. புறநோயாளிகள் காத்திருக்கும் நடைவழிச் சுவரில் ஓர் இடத்தை, நோயாளிகள் எடுத்த படங்களுக்கு ஒதுக்கித் தரலாம். காத்திருப்பவர்கள் அறிவிப்புகளை மட்டும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். தம்மைப் போன்ற ஒருவர் எதைப் பார்த்தார் என்பதையும் பார்க்கட்டும்.

சென்ற கண்காட்சியில் என் கணவர் எடுத்த படம் ஒன்று இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில், சாவி தொங்கும் ஆணிக்கு அருகில் இருக்கிறது. ஹெரால்டின் சக்கர மூடி மட்டும் அதில் உள்ளது. அதன் வளைந்த குரோமியத்தில் மைதானமும் மரங்களும் வானமும் சிறுத்துத் தெரிகின்றன. நடுவில் நாற்காலியில் அமர்ந்து, இரு கைகளாலும் கைப்பேசியைப் பிடித்திருக்கும் மனிதர் ஒருவர். பக்கத்தில் நிற்கச் சொல்லி நான் எடுக்க நினைத்த படத்தை, தமக்கு வேண்டிய விதத்தில் அவரே எடுத்துக்கொண்டார். அடுத்த முறை உங்கள் வீட்டு நோயாளியை நோக்கிக் கைப்பேசியை உயர்த்தும்போது, ஒரு கணம் நின்று, அதை அவரிடமே நீட்டிப் பாருங்கள்.